மழைக்குள் ஒரு கதைப் புத்தகம்

இன்று பின்னேரம் யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரியில் கறையான். உடனே ஹட்டன் பக்கத்து மலைக் கிராமத்தில் நூலகராக இருந்த நாள்கள் நினைவில் வந்தன. அங்கே எதிரி பூஞ்சணம். மூடுபனி ஜன்னலால் உள்ளே வரும். ஈரம் விட்ட நாளில் புத்தகங்களை விரித்துக் காற்றில் உலர்த்துவேன்; நேர்வெயிலில் வைத்தால் தாள் மஞ்சளாகிவிடும்.

தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு ஓர் அக்கா வருவார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, மகளுக்குத்தான் கதைப் புத்தகம். "கிழியாமப் பாத்துக்கிறேங்க மிஸ்" என்று சேலைக்குள் சுற்றிக்கொண்டு மழையில் இறங்குவார்.

1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த சுமார் 97,000 புத்தகங்களைப் பற்றி அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அக்கா புத்தகத்தை அணைத்துப் பிடித்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

அவருடைய மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாளாம்.