புதுக் கண்ணாடியும் என்ர பதகளிப்பும்

எங்கட பள்ளிக்கூட ஆபீஸ் வாசல்ல மூண்டு படி இருக்கு. 2010இல மீளக்குடியேறி வந்த நாளில இருந்து ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிற படி, கண்ணை மூடிக்கொண்டும் இறங்குவன். போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலமை அந்தப் படியில இறங்க ஏலாமல் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். புதுக் கண்ணாடிக்குள்ளால குனிஞ்சு பாத்தால் முதலாவது படி கிட்ட வருது, ரெண்டாவது எங்கயோ தள்ளிப் போகுது, ஓரம் எல்லாம் வாய்க்கால் தண்ணிக்குள்ள கிடக்கிற கல்லு மாதிரி நெளியுது. பின்னால ஏழாம் ஆண்டுப் பிள்ளையள் ரெண்டு பேர் கொப்பிக் கட்டோட "ரீச்சர் போகட்டோ" எண்டு நிக்கினம். எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிற்றுது, உள்ளங்கை வேர்க்குது, வாய் காயுது. கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டுதான் இறங்கினன்.

எனக்கு வயசு 48. தூரம் பாக்கிற கண்ணாடி முப்பது வயசிலயே போட்டிட்டன். வெள்ளெழுத்து வந்து இப்ப மூண்டு வருசம், கொப்பி திருத்தக் கண்ணாடியைக் கழட்டிறது, நிமிந்து பின்வாங்கில இருக்கிற பிள்ளையைப் பாக்கப் போடுறது, பேந்தும் கழட்டிறது, ஒரு பாடம் முடியிறதுக்குள்ள எத்தினை தரம் எண்டு எண்ணேலாது. ரெண்டு தரம் மேசையில இருந்து விழுந்து பிறேம் வளைஞ்சும் போச்சு. அதுதான் ரவுணில ஒரு கடையில புரோகிரெசிவ் எண்டு சொல்லுற, கோடு இல்லாமல் மேல தூரமும் கீழ கிட்டவும் தெரியிற கண்ணாடி எடுத்தனான். 38,000 ரூபா. சம்பளத்தில அது சின்னக் காசு இல்லை, அக்காட்டக் கைமாத்து வாங்கித்தான் கட்டினன். கடையில ஒரு பிள்ளை கண்ணாடியைத் துடைச்சுத் தந்திட்டு "ரெண்டு மூண்டு நாளில பழகிரும் அன்ரி" எண்டு மட்டும் சொன்னா. வேற ஒண்டும் சொல்லேல்ல. எப்பிடிப் பாக்கிறது, எதில கவனம், பழகாட்டி என்ன செய்யிறது, ஒண்டும் இல்லை.

மூண்டாம் நாள் பழகேல்ல. அஞ்சாம் நாளும் பழகேல்ல. தலையைச் சடாரெண்டு திருப்பினால் வகுப்பறையே ஒருக்கால் ஆடிப்போட்டு நிக்குது, ஸ்கூட்டியில போகேக்க பக்கத்து வேலி அலையடிக்குது, மத்தியானத்துக்குப் பிறகு ஓங்காளம். கரும்பலகையைக் கூட நாடியைக் கீழ இறக்கினால்தான் வடிவாத் தெரியுது. இவ்வளவும் கண்ணாடிப் பிரச்சினை. ஆனா எனக்குப் பதகளிப்பு ஏற்கெனவே இருக்கிற வருத்தம், 2012இல இருந்து கிளினிக் போய் வந்து, இப்ப நாலு வருசமா மருந்து இல்லாமல் இருக்கிறன். அப்பிடியான ஆளுக்குத் தலைசுத்து எண்டால் அது தலைசுத்தோட நிக்காது. காலமை கண் முழிச்ச உடனயே இண்டைக்கும் சுத்துமோ எண்டு பாக்கிறது, சுத்துதோ சுத்துதோ எண்டு பாத்துக்கொண்டே இருந்தால் சுத்தாத தலையும் சுத்தும், சுத்தின உடன மூச்சு மேல மேல வாங்கும், மூச்சு வாங்க இன்னும் சுத்தும், பிறகு எது கண்ணாடியால வந்தது எது பயத்தால வந்தது எண்டு பிரிக்கேலாது. ராத்திரி ஒரு மணிக்குப் போனைத் தூக்கி வச்சுத் தேடி, மூளையில கட்டி வந்தாலும் இப்பிடித்தான் எண்டு வாசிச்சிட்டு விடியும் வரைக்கும் நித்திரை இல்லை. இவர் எழும்பி "இஞ்சரும், போனை வச்சிட்டுப் படும், விடியட்டும் கதைப்பம்" எண்டு முதுகைத் தடவிக்கொண்டு இருந்தவர்.

பிறகு பகல் வெளிச்சத்தில ஆறுதலா வாசிக்கேக்கதான் விளங்கினது. நாங்கள் தலையைத் திருப்பேக்க கண் அதே அளவுக்கு மற்றப் பக்கம் திரும்பும், காதுக்குள்ள சமநிலை பாக்கிற உறுப்பும் கண்ணும் சேந்துதான் அந்தக் கணக்கைப் போடுது, அதாலதான் உலகம் ஆடாமல் நிக்குது. புதுக் கண்ணாடியில மேல ஒரு பவர், கீழ ஒரு பவர், அப்ப பழைய கணக்குப் பிழைக்கும், மூளை புதுசாப் போட்டுப் பழக வேணும். அனேகம் பேருக்கு ஒண்டு ரெண்டு கிழமை எடுக்குமாம். இடையில பழைய கண்ணாடியை மாறி மாறிப் போட்டால் அது இன்னும் நீளும். நான் செஞ்சுகொண்டு இருந்தது அதுதான், பயம் வந்த உடன பழசைப் போடுறது.

ஓரத்தில நெளியிறதும் கடைக்காரரின்ர பிழை இல்லை. இந்தக் கண்ணாடி 1959இல பிரான்ஸில விக்க வந்ததில இருந்து இருக்கிற விசயம். மேல இருந்து கீழ பவர் கொஞ்சம் கொஞ்சமாக் கூடிக்கொண்டு வரவேணும் எண்டால் ரெண்டு பக்கமும் உருவம் குழம்பித்தான் ஆகும், அந்தக் குழப்பத்தைப் பரத்தலாம், இல்லாமல் பண்ணேலாது. நடுவில ஒரு ஒடுங்கின பாதை மாதிரித்தான் தெளிவு இருக்கும்.

பாதை எண்டு எழுதேக்கதான் எனக்கு உண்மையாச் சொல்ல வேண்டிய விசயம் வருது.

என்ர பதகளிப்பு எல்லாத்துக்கும் ஒரே மாதிரிக் கூடேல்ல. கரும்பலகை மங்கினால் எரிச்சல் வரும், பயம் வராது. போன் எழுத்து நெளிஞ்சால் பயம் வராது. கீழ, காலடியில நிலம் மங்கினால்தான் உடம்பே விறைக்குது. முதல் எனக்கு ஏன் எண்டு விளங்கேல்ல. ஒரு நாள் பின்னேரம் வளவுக்குள்ள விறகு எடுக்கப் போகேக்க, ஒற்றையடிப் பாதையை விட்டுப் புல்லுக்குள்ள கால் வைக்க வேண்டி வந்தது, கீழ பாத்தால் புல்லு பச்சைக் கலங்கலா மட்டும் தெரியுது, என்ன கிடக்கு எண்டு தெரியேல்ல, நான் அப்பிடியே நிண்டிட்டன். கால் போகமாட்டன் எண்டு நிண்டுது. எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு தெரியாது.

2010இல செட்டிகுளம் முகாமில இருந்து திரும்பி வரேக்க எங்கட ஊரில றோட்டுக்கு ரெண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையள் நட்டுக் கிடந்தது. துப்புரவாக்கின இடம் எது, ஆக்காத இடம் எது எண்டு தடியும் நாடாவும் போட்டு அடையாளம். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில மிதிவெடி பற்றிப் படம் காட்டிச் சொல்லிக் குடுத்தனாங்கள், நானே சொல்லிக் குடுத்தனான், "நடந்த பாதையை விட்டு இறங்காதேங்கோ, கண்டதைத் தொடாதேங்கோ, கீழ பாத்து நடவுங்கோ". அம்மாவும் "பிள்ளை கீழ பாத்து வா, கீழ பாத்து வா" எண்டு சொல்லிச் சொல்லியே எங்களை நடத்தினவ. எத்தினை வருசம் அப்பிடி நடந்தனாங்கள். இப்ப அந்தப் பலகையள் எங்கட பக்கம் இல்லை, அந்தக் காணியளில நெல்லும் கச்சானும் விளையுது. ஆனா என்ர உடம்பு கீழ பாத்து நடக்கிறதைத்தான் பத்திரம் எண்டு படிச்சு வச்சிருக்கு. அந்தக் கீழ்ப் பக்கத்தைத்தான் இந்தக் கண்ணாடி எடுத்துப்போட்டுது.

கணக்கும் அதுதான். கண்ணாடியின்ர கீழ்ப் பாகம் புத்தகம் பிடிக்கிற தூரத்துக்கு, ஒரு 40 சென்ரிமீற்றருக்குச் செஞ்சது. என்ர கண்ணில இருந்து நிலம் ஒண்டரை மீற்றர். கண்ணை மட்டும் இறக்கிப் பாத்தால் நிலம் மங்கத்தான் செய்யும்.

இன்னொண்டும் இருக்கு. கிளினிக்கில உளவளத்துணை செய்த அக்கா எனக்குப் பழக்கித் தந்தது, பதகளிப்பு வந்தால் குனிஞ்சு உங்கட ரெண்டு காலையும் பாருங்கோ, நிலத்தில நிக்கிறியள் எண்டு உங்களுக்கே சொல்லுங்கோ எண்டு. பத்து வருசமா எனக்குக் கைகுடுத்த விசயம் அது. இப்ப குனிஞ்சு பாத்தால் காலும் மிதக்குது, நிலமும் மிதக்குது.

அப்பாவைப் பற்றியும் நினைச்சுக்கொண்டே இருந்தனான். 2009 சித்திரையில மாத்தளனால நாங்கள் வெளிக்கிடேக்க நெரிசலுக்குள்ள அவரின்ர கண்ணாடி விழுந்து போச்சு, தடவ நேரமில்லை, என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தவர். முகாமில ஆரிட்டயோ கண்ணாடி வாங்கி, ஒரு கால் நூலால கட்டினது, பவரும் பொருந்தாது, அதைப் போட்டுக்கொண்டு பேர் ஒட்டின பலகையில சித்தப்பாவின்ர பேரைத் தேடுவார். அவருக்குத் தலை சுத்தினதோ எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்ல. இப்ப கேக்க அவர் இல்லை.

பன்னிரண்டாம் நாள் இவர்தான் சொன்னவர், வாங்கின கடைக்குப் போகப் பயமெண்டால் வேற ஆளிட்டயாவது காட்டுவம் எண்டு. வவுனியாவில இவருக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி கண்ணாடி வேலை செய்யிறவர், பஸ் எடுத்துப் போனனாங்கள். முறிகண்டியில பஸ் நிக்க இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டுத்தான் போனது, அதில இறங்கி ஏறினதும் இவரின்ர கையைப் பிடிச்சுத்தான்.

அந்தத் தம்பி நான் சொன்னது முழுக்கக் கேட்டார், பதகளிப்புக் கதையையும் சேத்து. பிறகு கண்ணாடியை வாங்கி ரியூப்லைற்றுக்கு நேர பிடிச்சுச் சரிச்சுச் சரிச்சுப் பாத்தவர். "இஞ்ச பாருங்கோ ரீச்சர்" எண்டு காட்டினார், லென்ஸில ரெண்டு ஓரத்திலயும் மயிர் மாதிரி மெல்லிசா ரெண்டு வட்டம் கீறிக் கிடக்கு, நேர பாத்தால் தெரியாது. ரெண்டுக்கும் இடையில 34 மில்லிமீற்றர், காதுப் பக்கத்து வட்டத்துக்குக் கீழ 175 எண்டு சின்னனா, அது எனக்குக் கிட்டப் பார்வைக்குக் கூட்டின பவர். ஒரு அளவு மட்டைக்கு மேல லென்ஸை வச்சு, வட்டம் ரெண்டையும் மட்டையில இருக்கிற வட்டத்துக்குப் பொருத்தி, மார்க்கரால ஒரு சிலுவை போட்டார். அதோட என்ர முகத்தில மாட்டித் தன்னை நேர பாக்கச் சொன்னார். சிலுவை கருமணிக்கு நேர நிக்க வேணுமாம். எனக்கு ரெண்டு கண்ணிலயும் மேல, ஒரு மூண்டு மில்லிமீற்றர் மேல நிண்டது. அதாலதான் நேர பாக்கேக்கயும் தூரப் பகுதிக்குள்ளால பாக்காமல் பவர் மாறத் தொடங்கின இடத்துக்குள்ளால பாத்திருக்கிறன், கரும்பலகைக்கு நாடியை இறக்கினது அதுக்குத்தான்.

மூண்டு மில்லிமீற்றர். எனக்கு அழுகை வந்திட்டுது, உண்மையாத்தான், அந்தத் தம்பிக்கு முன்னாலயே. ரெண்டு கிழமையா எனக்குப் பழைய வருத்தம் திரும்பிற்றுது எண்டு நினைச்சு நான் பட்ட பாடு! அளவு எடுத்த அண்டைக்கு அந்தக் கடையில பிறேமை என்ர முகத்துக்குப் பொருத்தாமல், மூக்கில சும்மா வச்சுப் பாத்திட்டு எழுதினதுதான் காரணமா இருக்கும் எண்டு அவர் சொன்னார். இவ்வளவு காசு வாங்கிற ஆக்கள் ரெண்டு நிமிசம் கூட மினக்கெட்டிருக்கலாம். எனக்கு அதில இன்னும் கோவம் இருக்கு.

சின்னக் குறடு ஒண்டால மூக்கில இருக்கிற ரெண்டு பட்டையையும் கொஞ்சம் அகட்டினார், பிறேம் கீழ இறங்கிற்று. காதுக்குப் பின்னால கம்பியையும் வளைச்சு இறுக்கினார், வேர்வைக்கு வழுக்காமல். பேந்தும் சிலுவையைப் பாத்து, பேந்தும் அகட்டி, மூண்டு தரம். பிறகு எழும்பி நடந்து காட்டினார். நடக்கேக்க கண்ணை இறக்காதேங்கோ, நாடியை நெஞ்சுக்கு இறக்குங்கோ, அப்ப மேல்ப் பகுதியால நிலத்தைப் பாப்பியள். பக்கத்தில இருக்கிறதைப் பாக்கிறதெண்டால் மூக்கை அங்கால திருப்புங்கோ. பழைய கண்ணாடியைப் பெட்டியில வச்சுப் பூட்டுங்கோ, ஆனா தலைசுத்து வாற முதல் நாலஞ்சு நாள் ஸ்கூட்டி ஓடாதேங்கோ. காசு வாங்கவே மாட்டன் எண்டிட்டார்.

வீட்ட வந்து நான் செஞ்சது ஒண்டு இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. காலமையில முத்தம் கூட்டின உடன செருப்பைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட நடந்தனான். கண்ணுக்கு நிலம் மிதக்குது, ஆனா உள்ளங்காலுக்கு மணல் குளிரா, உறுதியாக் கிடக்கு, விளக்குமாறு இழுத்த வரி கூடத் தட்டுப்படுது. குனிஞ்சு பாத்துச் சொல்லுறதுக்குப் பதிலா காலால சொன்னன், நிலத்தில நிக்கிறன் எண்டு. முதல் நாள் கிணத்தடி மட்டும், அடுத்த நாள் மாமரம் மட்டும், மூண்டாம் நாள் புல்லுக்குள்ளயும் போனன், செருப்புப் போட்டுக்கொண்டு, நாடியை இறக்கி. புல்லு புல்லாத் தெரிஞ்சுது. அம்மா திண்ணையில இருந்து பாத்துக்கொண்டு ஒண்டும் கேக்கேல்ல, தேத்தண்ணி மட்டும் ஊத்தி வச்சிருந்தவ.

இப்ப நாலாவது கிழமை. ஓங்காளம் விட்டிட்டுது. ராத்திரியில போன் தேடுறது இல்லை. இன்னும் பஸ் மிதிபலகை எனக்குக் கஷ்டம், படுத்துக்கொண்டு வாசிக்கவும் வராது. பதகளிப்பு ரெண்டு தரம் வந்தது, ரெண்டு தரமும் வந்திட்டுப் போச்சு. இதை வாசிக்கிற ஆருக்கும் கோடில்லாத கண்ணாடி எடுத்து ரெண்டு கிழமையிலயும் பழகாட்டி, உங்களை நீங்கள் குறை நினைக்காமல் சிலுவை போட்டுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. வாங்கின இடத்திலயே கேளுங்கோ, அது உங்கட உரிமை. கண்ணாடி சரியா இருந்தும் சுத்து நிக்காட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனனாங்கள். தண்ணி அங்கால் கரைக் காடு மட்டும் விரிஞ்சு கிடந்துது, மரம் மரமாப் பிரிஞ்சு தெரிஞ்சுது, கொக்குகள் கூட. மகள் கொழும்பில இருந்து மெசேஜ் அனுப்பியிருந்தா, கண்ணாடியைக் கழட்டாமலே வாசிச்சுப் பதில் போட்டன். இருட்ட முதல் இறங்குவம் எண்டு எழும்பினம். கட்டால இறங்கிற படியில நாடியை நெஞ்சுக்கு இறக்கி ஒவ்வொண்டா வந்தன், இவர் முன்னால நிண்டு கையை நீட்டிக்கொண்டே நிண்டவர். கடைசிப் படியில மட்டும் பிடிச்சனான்.