தண்டல்காரர் இறந்த அன்று

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அங்கிருந்த சுமைத் தொழிலாளர்களுக்குத் தண்டல், அதாவது தினத்தவணைக் கடன், கொடுத்துவந்த ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி வந்த சற்று நேரத்துக்கெல்லாம் வாயிலுக்கு வெளியே சரவெடி வெடித்தது. டீக்கடையில் யாரோ மைசூர்பாகு வாங்கி விநியோகித்தார்கள். வடசென்னையில் சவ ஊர்வலத்துக்கும் வெடி போடுவது வழக்கமாதலால், லாரி ஓட்டுநர் ஒருவர் அதை இறுதி மரியாதை என்றே நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார்.

அந்த மகிழ்ச்சியை அநாகரிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேசி, வட்டியை முன்னதாகவே கழித்துக்கொண்டு 8,500 ரூபாயை மட்டும் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் வசூலிப்பது அவருடைய முறை. தவணை தவறினால், தாமதிக்கத் தாமதிக்க ஏறிக்கொண்டே போகும் மீட்டர் வட்டி. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டதென்றாலும், அடுத்த அவசரத்துக்கும் அவரிடமே கை நீட்ட வேண்டியவர்கள் காவல் நிலையத்துப் படியேறுவதில்லை. பலருடைய ஏடிஎம் கார்டுகளை, ரகசிய எண்ணை ஒவ்வொன்றின் பின்புறமும் பேனாவால் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு அவர் சட்டைப் பையில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்தை நான் வங்கியில் ஏற்றுவேன்; அவர் எடுத்துக்கொள்வார்.

ஆயினும் அந்த மைசூர்பாகை வாங்க எனக்குக் கை நீளவில்லை. நரகாசுரன் செத்த நாளைப் புத்தாடை உடுத்திக் கொண்டாடுகிறவர்கள்தானே நாம் என்று உடன் வேலை செய்த ஒருவர் கேட்டார். தன் சாவைக் கொண்டாடும்படி நரகாசுரனே வரம் கேட்டதாகத்தான் கதை. அந்தச் சம்மதம் இல்லாமல் கொண்டாடக் கதை சொன்னவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்போலும். தண்டல்காரரோ அப்படி எதையும் கேட்டுவிட்டுப் போகவில்லை. அவர் வீடும் தண்டையார்பேட்டையில், எங்கள் ஆட்கள் பலர் குடியிருந்த தெருவிலேயே இருந்தது.

வெடி வைத்தவர்களில் பெரும்பாலோர் அவரிடம் கடன் வாங்காதவர்கள். வாங்கியவர்கள் அன்று அதிகம் பேசவில்லை, ஏனெனில் புரோநோட்டு பிணத்தோடு எரிந்துவிடாது, வாரிசுகள் அதை வைத்து வசூலிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் அரை நாள் விடுப்புக் கேட்டு வந்து, சாவு வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அந்த ஆளுக்கு மாலை போடவா போகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, “கார்டு இப்போ யாராண்ட இருக்குதுன்னு தெரிய வேணாமா சார்?” என்றார்.