குழித்தறியின் முன்னே விசைத்தறிச் சேலை

பாளையங்கோட்டையில் ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்குக் கலை இயக்கம், அதாவது படப்பிடிப்பின் காட்சியமைப்பை (ஆர்ட் டைரக்‌ஷன்) கற்பிக்கிறேன். துணியைப் பற்றிய பொய், விளம்பர வாசகத்தைவிடப் படத்தில்தான் எளிதாக நுழைகிறது என்பதை அவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். விசைத்தறியில் நெய்த பாலியஸ்டர் சேலையை உடுத்திய மாடலைக் குழித்தறியின் (நெசவாளர் குழியில் கால் வைத்து நெய்யும் கைத்தறி) அருகே உட்காரவைத்துப் படமெடுத்தால், ‘கைத்தறி’ என்று ஓர் எழுத்துகூட எழுதாமலேயே பார்ப்பவர் அப்படி நம்பிவிடுவார். தறியை அங்கே வைக்கச் சொன்னவர் கலை இயக்குநர் என்பதால், பொறுப்பும் அவரையே சேரும். ஆதாரமின்றி ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுப்படையாக விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன, இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகள். பச்சை வயலையும் தாமிரபரணிக் கரையையும் பின்னணியாகத் தேர்ந்தெடுக்கும் மாணவரிடமும் அதே ஆதாரத்தைக் கேட்கிறேன்.

வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அங்கே படமெடுக்க விரும்பும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் கேமராவை எடுக்குமுன் சேலையைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கையால் புட்டா (துணியில் நெய்யும் பூ வேலைப்பாடு) போடும்போது ஒவ்வொரு பூவுக்கும் தனி நூல் வைத்து நெய்வதால், அந்த நூல் பூவின் ஓரத்திலேயே திரும்பிவிடும். விசைத்தறிப் புட்டாவிலோ பெரும்பாலும் நூல் துணியின் அகலம் முழுவதும் ஓடி, பின்பக்கத்தில் வெட்டப்பட்டு, நுனிகள் பிசிறாக நிற்கும். இந்த வேறுபாட்டை விரல் நுனியால் உணர்ந்த மாணவர், முந்தியின் பின்பக்கத்தையே படத்தின் மையமாக வைக்கத் துணிகிறார்.

நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில் கிடைக்கிறது. படப்பிடிப்புக்காகத் தறி அரைநாள் நின்றால், அந்த அரைநாள் வருமானம் அவர் கையைவிட்டுப் போகிறது. மாடலுக்கும் ஒப்பனைக் கலைஞருக்கும் ஊதியம் ஒதுக்கிவிட்டு, தறியில் இருப்பவருக்குத் தேநீர் மட்டும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. நின்ற நேரத்துக்குக் கூலி, முன்கூட்டியே பெற்ற ஒப்புதல், படத்தின் கீழ் அவர் விரும்பினால் அவருடைய பெயர் ஆகிய மூன்றும் திட்டத்தில் இருந்தாக வேண்டும். பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களில் ஒருவர் முகம் வேண்டாம் என்றால், கோரையும் கைகளும் மட்டுமே சட்டகத்துக்குள் வரும். அதில் பேரம் கிடையாது.

நம் பகுதியில் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து கொங்குப் பகுதி நூற்பாலைகளுக்குச் சென்று, ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் மொத்தத் தொகை என்ற ‘சுமங்கலித் திட்டத்தில்’ சிக்கிய இளம்பெண்களின் கதை, என் வகுப்பில் இருக்கும் பலருக்குத் தெரு அறிந்த கதை. நொய்யல் ஆறு மாசுபட்டதால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் சேர்த்துச் சொன்னால், மலிவு விலைச் சட்டையை எதன் முன்னே நிறுத்திப் படமெடுப்பது என்று அவர்களே விவாதிக்கத் தொடங்குகிறார்கள்.

அரங்கப் பொருட்களில் தெர்மாகோலை அனுமதிப்பதில்லை. பாய், மூங்கில், பழைய மரச் சாமான்களை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்தப் பொருள் எங்கே திரும்பிச் சென்றது, எந்தப் படத்தில் மாடலின் நிறத்தைக் கணினியில் மாற்றினார்கள் என்ற கணக்குத் தாள் இணைக்கப்படாத தொகுப்பை நான் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வதில்லை.