தாழ்வாரத்தில் நான்கு விளக்கு

அக்டோபர் 2, 2025, வியாழன்

தீபாவளிக்கு இன்னும் 18 நாள். கோலாலம்பூர் செந்தூல் வீட்டு வாசல் டியூப்லைட் மறுபடி கண்சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. கூரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், அடிச் சிலிங்கில் துளை போட்டுச் சின்ன விளக்குகளைப் பதிப்பது என்று முடிவு. எட்டு வேண்டும் என்றேன். வயர்மேன் அண்ணன் சிரித்தார். “ரன்வேயா போடப்போற தம்பி?” முகப்பு 22 அடி. நான்கு போதும், நடுவில் ஐந்தரை அடி இடைவெளி, இரண்டு ஓரத்திலும் அதில் பாதி என்று கணக்குச் சொன்னார். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் வெளிச்சம் சுவரில் வழிந்து இறங்குமாம்.

பின்பக்கச் சிலிங்கைத் தொடவே மாட்டேன் என்றார். அது பழைய சீட்டு, அஸ்பெஸ்டாஸாக இருந்தால் அறுக்கும் தூசி நெஞ்சுக்குள் போகும். சரி, அங்கே பழைய பல்பே இருக்கட்டும்.

அக்டோபர் 4, சனி

விளக்கு வாங்க ஜாலான் பாசார் போனோம். தவுக்கே, அதாவது கடை முதலாளி, எடுத்த எடுப்பில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைத்தான் நீட்டினார். எனக்கும் அதுதான் பழக்கம். மனைவி 3000 கெல்வின் மஞ்சள்தான் வேண்டும் என்றாள். சண்டை வேண்டாமென்று ஆளுக்கொரு பல்பு வாங்கி வந்து, இரவு பழைய ஹோல்டரிலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வெள்ளையில் எங்கள் சந்தன நிறச் சுவர் கோப்பிக்கடைச் சுவர் மாதிரி வெளிறிப்போனது. மழை விட்டதும் ஈசல் வேறு மொய்த்தது. மஞ்சளுக்கும் வந்தது, ஆனால் குறைவு. நான் தோற்றேன்.

அக்டோபர் 11, சனி

வேலை நாள். பெட்டியில் போட்டிருந்த நான்கு அங்குலம் விளக்கின் வெளிவட்டமாம். துளை அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் பிடிக்க இடமிருக்காது. நான் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்ததை அண்ணன் ஒன்றும் சொல்லாமல் விரலாலேயே அழித்தார். மாலைக்குள் நான்கும் எரிந்தன.

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் இடியோடு மழை. ஏழரைக்கு ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்தது, வீடே இருட்டு. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. வாசல் விளக்கு பிரேக்கரை இறக்கிய பிறகுதான் நின்றது.

அக்டோபர் 16, வியாழன்

அண்ணன் மெயினை இறக்கிவிட்டு மூன்றாவது விளக்கைக் கழற்றினார். துளை வழியாக ஒரு கரண்டி தண்ணீர் அவர் மணிக்கட்டில் ஓடியது. பெட்டியில் ஐபி65 என்று, தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் எண், கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது கீழே தெரியும் முகத்துக்கு மட்டும். விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும், வயரில் தொங்கும் டிரைவரைத் திருப்பிப் பார்த்தால் ஐபி20, அதாவது தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது. அந்த முகம் கீழிருந்து ஹோஸால் பீய்ச்சினாலும் தாங்குமாம். எங்களுக்குத் தண்ணீர் வந்தது மேலிருந்து. கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரப் பீலியில் மூட்டு விட்டிருக்கிறது. அந்த இடத்துச் சிலிங்கில் ஒரு பழுப்புக் கறை எத்தனையோ நாளாக இருந்தது; பெயிண்ட் அடித்து மறைத்தவன் நான்தான்.

பீலி மூட்டைச் சுரண்டி சீலண்ட் வைத்தார். நான்குக்கும் ஐபி67 டிரைவர், இணைப்புகளுக்கு மூடிய பெட்டி. விளக்கு வாங்கிய காசில் பாதி மறுபடி போனது.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்றும் இன்றும் நல்ல மழை. ஈஎல்சிபி அசையவில்லை. அம்மா வாசலில் கலர் அரிசிக் கோலம் போட்டார்கள், புது வெளிச்சத்தில் மயிலின் ஒவ்வொரு இறகும் தெரிந்தது. எட்டு மணிக்கு ஈசல் வந்தது. பச்சை நிற அரிசியில் ஒட்டிய ஈசல் இறகு லேசில் வரவில்லை. அம்மா ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டு, “டேய், அந்த லைட்டைக் கொஞ்சம் அமத்துடா” என்று சொல்லி அகல் விளக்கை ஏற்றினார்கள்.