பாக்கிமே முதலில், பானைகள் பிறகு: காசாஸ் கிராந்தேஸ் போகிறவர்களுக்கு

வடக்கு மெக்சிகோவில், சிவாவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சின்ன ஊர் காசாஸ் கிராந்தேஸ். பலர் வந்து இறங்கியதும், பானை வனைபவர்களின் கிராமமான மாத்தா ஓர்த்தீஸுக்கு நேராக வண்டியை விடுகிறார்கள். நாலு பானை வாங்கிக்கொண்டு, திரும்பும்போது நேரம் மிச்சமிருந்தால் பாக்கிமே என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளை எட்டிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதல் நாள் பாக்கிமே, மறுநாள் மாத்தா ஓர்த்தீஸ். எழுநூறு வருடத்துக்கு முந்தைய பானையைப் பார்த்த கண்ணோடு போனால்தான் இன்றைய பானை என்ன சொல்கிறது என்று புரியும். அதற்கு இரண்டு இரவு வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். காசாஸ் கிராந்தேஸ் என்பது பழைய ஊர். அங்கிருந்து சுமார் 7 கி.மீ. தள்ளி, ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த வணிக ஊர் நுவேவோ காசாஸ் கிராந்தேஸ். வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்பது நுவேவோவில்தான். வங்கி, ஏடிஎம், பெரிய கடைகள், மருந்துக்கடை எல்லாம் அங்கேதான். அமைதி வேண்டுமானால் தங்குவது பழைய ஊரில். நுவேவோவிலிருந்து உள்ளூர்ப் பேருந்தோ டாக்சியோ பிடித்தால் கால் மணி நேரம். முன்பதிவு செய்யும்போது விடுதி எந்த ஊரில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பெயரை மட்டும் நம்பினால் நெடுஞ்சாலை ஓரத்தில் அறை கிடைக்கும்.

அமெரிக்க எல்லையில் இருக்கும் சியுதாத் ஹுவாரெஸ் நகரத்திலிருந்து பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சிவாவா நகரத்திலிருந்து வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அமெரிக்காவிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் வழியாக பாலோமாஸில் எல்லை கடந்து, அசென்சியோன், ஹானோஸ் ஊர்களைத் தாண்டி வரலாம். சாலை தட்டையானது. இருபக்கமும் புல்வெளி, தூரத்தில் நீல மலை. வழியில் ஊர்கள் குறைவு என்பதால் பெட்ரோலை எல்லை ஊரிலேயே நிரப்பிவிடுங்கள்.

எல்லையில் சிக்கல் வருவது மூன்று இடத்தில். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அந்த அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள். இல்லையென்றால் போவது எளிது, திரும்புவதுதான் கஷ்டம். இரண்டாவது, தரைவழியில் கடக்கும்போது உங்களை யாரும் நிறுத்தாமல் போகலாம். அதற்காக அப்படியே ஓட்டிப் போய்விடக் கூடாது. நீங்களாகவே குடிவரவு அலுவலகத்தில் நின்று சுற்றுலா அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் உள்ளே போய் ஒரு சோதனைச் சாவடியில் மாட்டினால் பயணமே பாழ். மூன்றாவது வண்டி. எல்லையோரப் பகுதியைத் தாண்டி அமெரிக்க எண் வண்டியை ஓட்ட தற்காலிக இறக்குமதி அனுமதி வேண்டும். வண்டியின் மாடல் ஆண்டைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை முன்பணம் கட்ட வேண்டும். திரும்பும்போது அனுமதியை எல்லையில் ரத்து செய்தால் பணம் திரும்பி வரும், மறந்தால் போனதுதான். அமெரிக்கக் காப்பீடு மெக்சிகோவில் செல்லாது, அங்கே செல்லும் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். வாடகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை தாண்ட அனுமதி கிடையாது.

பாதுகாப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பகுதியில் போதைக் கும்பல்களின் மோதல் உண்டு. 2019 நவம்பரில் பக்கத்து மாநிலமான சொனோராவின் எல்லை மலைப் பகுதியில் பெண்களும் குழந்தைகளுமாக ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எனவே பகலில் மட்டும் பயணம், அதுவும் நெடுஞ்சாலையில் மட்டும். ஹானோஸிலிருந்து மேற்கே மலை ஏறி சொனோராவுக்குள் போகும் பாதையைச் சுற்றுலாவுக்கு எடுக்க வேண்டாம். கிளம்பும் வாரத்தில் விடுதிக்குப் போன் செய்து சாலை நிலவரம் கேளுங்கள். உள்ளூர்க்காரர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தை மெக்சிகோ 2022-இல் கைவிட்டது. ஆனால் ஹுவாரெஸ் போன்ற எல்லையோர ஊர்கள், எதிரே இருக்கும் எல் பாசோ போன்ற அமெரிக்க ஊர்களோடு சேர்ந்து இன்னும் மாற்றிக்கொள்கின்றன. அதனால் கோடையில் ஹுவாரெஸிலும் காசாஸ் கிராந்தேஸிலும் ஒரே நேரம். குளிர்காலத்தில் காசாஸ் கிராந்தேஸ் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். மாலை நான்கு என்று நினைத்து அருங்காட்சியகத்துக்குப் போய், ஐந்தாகிவிட்டது என்று வாசலிலேயே திரும்ப நேரலாம்.

அக்டோபர், நவம்பர்தான் நல்ல பருவம். மார்ச், ஏப்ரலில் புழுதிக் காற்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை மழை. ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்கால இரவுகளில் உறைபனி சாதாரணம். பழைய வீடுகளின் மண்சுவர் பகலில் இதமாக இருக்கும். விடியற்காலையில் அறையில் சூடேற்றி இருக்கிறதா என்பதுதான் முக்கியம், கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஊர் என்று பார்த்தால் ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், மரநிழலில் இரும்பு இருக்கைகள், மண்செங்கல் வீடுகள். 1911 மார்ச் 6-ஆம் தேதி மெக்சிகோ புரட்சித் தலைவர் பிரான்சிஸ்கோ மதேரோ இந்த ஊரைத் தாக்கித் தோற்று, கையில் காயத்தோடு பின்வாங்கினார். அதே ஆண்டில் அவர் நாட்டின் அதிபரானார். இன்று அந்தச் சத்தத்தின் சுவடே கிடையாது. மதியம் இரண்டு மணிக்குத் தெருவில் நாய்கூட நடக்காது.

சதுக்கத்திலிருந்து பாக்கிமேவுக்கு நடந்தே போகலாம். திங்கட்கிழமை விடுமுறை. இடிபாடுகளுக்குள் நிழல் அறவே இல்லை, காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் பாதி மண்ணுக்குள் புதைந்தாற்போல் கட்டியிருக்கும் வடக்குப் பண்பாடுகளின் அருங்காட்சியகத்துக்குள் வந்துவிடலாம். பாக்கிமே 1998 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம். சார்லஸ் டி பெசோ என்ற அமெரிக்கத் தொல்லியலாளரின் குழு 1958 முதல் 1961 வரை தோண்டி வெளிக்கொண்டு வந்தது.

முதலில் வாசல்களைப் பாருங்கள். மேலே அகலம், கீழே குறுகல், ஆங்கில டி எழுத்து வடிவம். சுவர்கள் செங்கல் வைத்துக் கட்டியவை அல்ல. குழைத்த மண்ணை அச்சுக்குள் கொட்டி, இறுகியதும் அடுத்த அடுக்கு கொட்டி எழுப்பியவை. மழை கரைத்துவிடாமல் இருக்கப் பராமரிப்பாளர்கள் இன்றும் மேலே மண்சாந்து பூசிக்கொண்டே இருக்கிறார்கள். எனவே சுவரில் சாயவோ ஏறவோ கூடாது. அடுத்து, தரையோடு வரிசையாக இருக்கும் சிறு மண்கூண்டுகள். முன்பக்கம் வட்டத் துளையிட்ட கல், அதை அடைக்க ஒரு கல் மூடி. அவை மக்கா கிளிகளை வளர்த்த கூண்டுகள். 300-க்கும் மேற்பட்ட செம்மக்காக்களின் எலும்புகள் இங்கே கிடைத்தன. அந்தக் கிளியின் சொந்த இடம் வெகு தெற்கே, ஈரக் காடுகள். இந்த வறண்ட புல்வெளியில் அதைக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். கடல் இங்கிருந்து பல நாள் நடை, ஆனால் தோண்டி எடுத்த சிப்பிப் பொருட்களோ சுமார் 39 லட்சம்.

அருங்காட்சியகத்தில் அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் பானைகளின் முன்னால். வெளிர் மண் நிறத்தின் மேல் கருப்பும் சிவப்புமாக மெல்லிய கோடுகள், படிக்கட்டு வடிவங்கள், கிளித்தலை, இறகுள்ள பாம்பு. கோடு வளைவில் திரும்பும் இடத்தில் தடிக்கிறதா என்று பாருங்கள். பானையின் பரப்பை எப்படிப் பகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நாளைக்கு இது வேண்டியிருக்கும்.

பாக்கிமே 15-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது, அதோடு இந்தக் கலையும் அறுந்தது. பல நூற்றாண்டு கழித்து, மாத்தா ஓர்த்தீஸில் ஹுவான் கெசாதா என்ற விறகு வெட்டும் சிறுவன் மலையில் கிடந்த பழைய பானை ஓடுகளைப் பொறுக்கி, ஆசான் யாருமில்லாமல் ஒவ்வொரு படியாகக் கண்டுபிடித்தான். முதலில் செய்த பானைகளெல்லாம் வெடித்தன. உடைந்த பழைய ஓட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தபோதுதான் களிமண்ணில் மணல் கலந்திருப்பது தெரிந்தது. மணல் இல்லாத மண் காயும்போது அளவுக்கு மீறிச் சுருங்கும், அதனால் விரிசல் விடும். 1976-இல் ஸ்பென்சர் மெக்கல்லம் என்பவர் நியூ மெக்சிகோவின் டெமிங் ஊரில், பழைய பொருள் கடை ஒன்றில் மூன்று பானைகளைக் கண்டார். செய்தவரைத் தேடி எல்லை தாண்டி வந்தார். 1999-இல் கெசாதாவுக்கு மெக்சிகோவின் தேசிய விருது கிடைத்தது. 2022-இல் அவர் மறைந்தார். அவர் சொல்லிக்கொடுத்ததிலிருந்து இன்று ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் வனைகிறார்கள்.

காசாஸ் கிராந்தேஸிலிருந்து அங்கே 30 கி.மீ.க்குள்தான். பேருந்தை நம்ப முடியாது. நுவேவோவில் டாக்சியை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து விலையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பணமும் கையில் இருக்க வேண்டும். கிராமத்தில் பெரிய கடைவீதி எதுவும் கிடையாது. வீடுதான் பட்டறை, வீட்டு முன்னறைதான் கடை. கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிடுவார்கள்.

பானை செய்வதைப் பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இங்கே சக்கரம் கிடையாது. மண்ணை நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவிட்டுக் கட்டியாக்குகிறார்கள். ஒரு உருண்டையை ரொட்டிபோல் தட்டி, கிண்ணம் மாதிரியான சுண்ண அச்சில் அழுத்துகிறார்கள். அந்தத் தட்டிய மண்ணுக்கு அந்த ஊர் ரொட்டியின் பெயரேதான், தோர்த்தியா. அதன் விளிம்பில் தடிமனான ஒரே ஒரு மண்திரியை வளையமாக வைக்கிறார்கள், அதற்குப் பெயர் சொரீசோ. அந்த ஒரு வளையத்தைக் கிள்ளிக் கிள்ளி மேலே இழுத்தே முழுச் சுவரும் எழும்புகிறது. உடைந்த ரம்பத் தகட்டால் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் தடவி, வழுவழுப்பான கல்லால் மெருகேற்றுகிறார்கள். தூரிகை மனிதத் தலைமுடி, சில இழைகள்தான், நீளமானவை. சிறுவர்களின் முடியைத்தான் விரும்புகிறார்கள். அந்த முடி பானையின் மேல் படுத்து இழுபடுவதால் கோடு நடுங்காமல் போகிறது. கருப்புக்கு மாங்கனீசு, சிவப்புக்கு இரும்பு மண்.

எல்லா உழைப்பும் தங்குவதும் வீணாவதும் சூளையில். சூளை என்று சொன்னாலும் கட்டடம் ஒன்றுமில்லை, முற்றத்தில் வெறும் தரை. பானையை முதலில் வீட்டு அடுப்பில் சூடேற்றி ஈரத்தை ஓட்டுகிறார்கள். துளி ஈரம் மிஞ்சினாலும் அது ஆவியாகி வெடிக்கும். பிறகு கற்களின் மேல் பானையை நிறுத்தி, மேலே ஒரு மண்தொட்டியைக் கவிழ்க்கிறார்கள். அதைச் சுற்றி வறட்டியை அடுக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பற்றவைக்கிறார்கள். மேய்ச்சல் மாட்டின் காய்ந்த சாணம்தான் வறட்டி. ஒரு பானைக்கு ஒரு தீ. வறட்டி பானையைத் தொட்டால் அந்த இடத்தில் புகைக்கறை விழும். காற்று அடித்தால் ஒரு பக்கம் வேகும், மறுபக்கம் வேகாது. அதனால்தான் காற்றுள்ள நாளில் யாரும் சுடுவதில்லை. அணைந்ததும் அவசரப்பட்டுத் தொட்டியைத் தூக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு மாதக்கணக்கான வேலை முடிந்தது. கரும்பானை வேண்டுமானால் தொட்டியின் அடியைச் சுற்றி மண்போட்டு அடைக்கிறார்கள். காற்று புகாமல் புகை உள்ளேயே தங்கி மண்ணுக்குள் ஏறிவிடும்.

வாங்கும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரு கையாலும் அடியைத் தாங்குங்கள். கேட்டுவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். உள்ளே விரலை விட்டுச் சுவர் எங்கும் ஒரே தடிமனா என்று பாருங்கள். கரும்பானையைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சிலவற்றுக்குப் பென்சில் கரி பூசியிருப்பார்கள். அது ஏமாற்று அல்ல, வேறு வகை மெருகு, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். அடியில் கையெழுத்து இருக்கும். விலை சில நூறு பேசோவிலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், பாதி விலைக்குக் கேட்பது மரியாதையல்ல. நேற்று பார்த்த கோடுகளை நினைத்துக்கொண்டு பார்த்தால் எது நல்ல கை என்று கண்ணே சொல்லிவிடும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வட்டாரம் கோதுமைத் தோர்த்தியாவும் மாட்டிறைச்சியும். தோர்த்தியாவிலும் அவரைக் கூழிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சின் கார்னே, சின் மாந்தேகா' என்று கேளுங்கள், இறைச்சியும் கொழுப்பும் இல்லாமல் என்று அர்த்தம். பச்சை மிளகாயைக் கீறி, சீஸோடு வதக்கித் தரும் ராஹாஸ் கோன் கேசோ நம் நாக்குக்கு நன்றாக ஒத்துப்போகும். பக்கத்தில் 1886-இல் மொர்மோன் என்ற கிறித்துவப் பிரிவினர் குடியேறிய கொலோனியா ஹுவாரெஸில் ஆப்பிள், பீச் தோட்டங்கள் உண்டு. பருவத்தில் போனால் பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பானையைக் கொண்டுவர உள்ளே தளர்வாகக் காகிதம் திணியுங்கள். இறுக்கித் திணித்தால் உள்ளிருந்தே உடையும். வெளியே குமிழி உறை சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியில் துணி அடைத்துக் கைப்பையாக எடுத்துப்போங்கள், சரக்கில் போடவே வேண்டாம். அடி உருண்டையான பானை தானாக நிற்காது, அதற்கான வளையத்தையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பூச்சாடியாக்காதீர்கள். குறைந்த வெப்பத்தில் சுட்டது, நீரை உறிஞ்சி மெருகு உரியும். தூசியைக் காய்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.