ஸ்டோக்-ஆன்-டிரெண்ட்: போன் சைனா பிறந்த ஊரில்

முதலில் அந்த டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஸ்டோக்கிலிருந்து பர்ஸ்லம் பக்கம் போக நான்கு மைல்தான் இருக்கும். வரவேண்டிய பேருந்து வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டதும் வேறு வழியில்லாமல் ஒரு டாக்ஸியில் ஏறினோம். ஓட்டுநர் மீட்டரே போடவில்லை. கேட்டதற்கு, "சரியாகத்தான் வாங்குவேன்" என்றார். இறங்கும்போது இருபது பவுண்ட் கேட்டார். பேருந்தில் ஆளுக்கு மூன்று பவுண்டில் முடிந்திருக்கும். பகல் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த பணம் அங்கேயே போய்விட்டது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏறும்முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஊரின் அமைப்பே அப்படி. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் என்பது ஒரே ஊர் இல்லை. டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று வரிசையாகக் கிடந்த ஆறு ஊர்களை 1910-ல் ஒன்றாகச் சேர்த்தார்கள். ரயில் நிலையம் ஸ்டோக்கில், பெரிய கடைவீதி ஹான்லியில், பீங்கான் ஆலைகள் ஆறு ஊரிலும் சிதறிக் கிடக்கின்றன. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். முன்கூட்டி டிக்கெட் எடுத்தால் மலிவு, அன்றைக்கே எடுத்தால் பர்ஸ் காலி.

நான் வந்தது போன் சைனாவுக்கு, அதாவது எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானுக்கு, பெயர்பெற்ற ஸ்போட் ஆலைக்காக. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தப் பழைய ஆலை வளாகத்தின் ஒரு பகுதியில்தான் ஸ்போட் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது! லண்டனில் பல இடங்களில் நுழைவதற்கே கொட்டிக் கொடுத்துவிட்டு வந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஜோசையா ஸ்போட் 1733-ல் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா இறந்துபோனார், ஏழைகளுக்கான குழியில்தான் அடக்கம் செய்தார்கள். பதினாறு வயதில் தாமஸ் வீல்டன் என்பவரின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அப்புறம் எந்த ஆலையில் கூலிக்கு வேலை பார்த்தாரோ அதே ஆலையை 1776-ல் சொந்தமாக வாங்கினார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

1784-ல் இங்கிலாந்து அரசு தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரை சதவீதமாகக் குறைத்தது. ஒரே வெட்டு! அதுவரை பணக்காரர் வீட்டில் பூட்டி வைத்திருந்த தேயிலை சாதாரண வீடுகளுக்கும் வந்தது. தேநீர் வந்தால் கோப்பை வேண்டுமே. 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதையும் நிறுத்தியது. சந்தை திறந்து கிடந்தது. மகன் இரண்டாம் ஜோசையா லண்டன் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க, அப்பா ஸ்டோக்கில் களிமண்ணோடு போராடிக்கொண்டிருந்தார்.

எலும்புச் சாம்பலைக் களிமண்ணோடு கலப்பது அவர் கண்டுபிடித்ததில்லை. லண்டன் அருகே போ என்ற ஆலையில் தாமஸ் ஃப்ரை 1740-களிலேயே செய்துவிட்டார். ஸ்போட் செய்தது கலவையை எளிமையாக்கி நிலைநிறுத்தியது: பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு சைனா களிமண் என்ற வெள்ளைக் களிமண், கால் பங்கு சைனா கல் என்ற ஒரு வகைப் பாறை. பெயரில்தான் சைனா, களிமண்ணும் கல்லும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலிலிருந்து வரும். மாட்டெலும்பைப் பசை நீக்கிச் சுட்டு, தண்ணீர் விட்டு நைஸாக அரைக்க வேண்டும். என் மனைவிக்கு இதைக் கேட்டு முகம் சுருங்கிவிட்டது, சைவ வீட்டுப் பெண். ஆனால் அங்கிருந்த கோப்பை ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் விரலை வைத்துப் பார்த்தோம். விரல் நிழல் அப்படியே தெரிகிறது! சுண்டினால் மணி போல நீண்டு ஒலிக்கிறது. அவ்வளவு மெல்லிசு, ஆனால் கல் மாதிரி உறுதி. சூளையில் வேகும்போது பொருள் சுருங்கும் என்பதால் முதலிலேயே பெரிதாகச் செய்கிறார்கள்.

அப்பா 1797-ல் இறந்தார். மகன் வந்து போன் சைனாவை ஊரெல்லாம் விற்றார். 1806-ல் வேல்ஸ் இளவரசரே ஆலையைப் பார்க்க வந்தார். மற்ற ஆலைகளும் இதே கலவையைப் பிடித்துக்கொண்டன. இன்றைக்கும் இங்கிலாந்து பீங்கான் என்றால் இதுதான்.

அருங்காட்சியகத்தில் நான் நகராமல் நின்றது நீல-வெள்ளைத் தட்டுகள் முன்னால். 1816-ல் வந்த ப்ளூ இத்தாலியன் வடிவத்தை இன்றும் விற்கிறார்கள். அது போன் சைனா இல்லை, சாதாரண மண்பாண்ட வகை. அதைவிட என்னை இழுத்தது இந்திய வேட்டைக் காட்சிகள் கொண்ட வரிசை. வங்காளத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியின் வேட்டை நூலுக்கு வரைந்த படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தட்டில் ஏற்றியிருக்கிறார்கள். யானை, புலி, கரடி, ஈட்டியோடு ஆட்கள். அந்தத் தட்டில்தான் பிரபுக்கள் இறைச்சி சாப்பிட்டார்கள்.

1833-ல் ஆலை கோப்லாண்ட் குடும்பத்திடம் போனது. அப்புறம் பல கை மாறி, 2008 நவம்பரில் திவாலானது. 1776-லிருந்து ஒரே இடத்தில் நடந்த ஆலை. பெயரை 2009-ல் போர்ட்மெய்ரியன் என்ற இன்னொரு பீங்கான் நிறுவனம் வாங்கிக்கொண்டது, ஆலையை விட்டுவிட்டது. அந்த வெறிச்சோடிய கூடங்களில் இன்று ஓவியர்களின் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன, நல்லதுதான். ஆனாலும் போன் சைனாவுக்குத் தரம் வகுத்த இடத்தை அரசாங்கம் இப்படிச் சரியவிட்டது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

டாக்ஸி பிடித்துப் போனது பர்ஸ்லம் பக்கம் உள்ள மிடில்போர்ட் பாட்டரி என்ற பீங்கான் ஆலைக்கு. 1888-ல் கால்வாய் ஓரம் கட்டியது, இன்னும் வேலை நடக்கிறது. ஸ்போட் காலத்து முறையை உயிரோடு பார்க்க வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். செதுக்கிய செப்பு உருளையில் மை ஏற்றி, மெல்லிய காகிதத்தில் அச்சிடுகிறார்கள். ஒரு பெண் அந்த ஈரக் காகிதத்தை ஜாடி மேல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். மூக்கு, கைப்பிடி என்று வளைவு வரும் இடத்திலெல்லாம் கத்தரியால் வெட்டி, பூவோடு பூ பொருந்தும்படி வைத்தார். தண்ணீரில் கழுவியதும் காகிதம் போய்விட்டது, பூ மட்டும் நின்றது. விலை அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் அத்தோடு நிறுத்திவிட்டேன்.

சாப்பாடு? ஓட்கேக்! பெயரைக் கேட்டுக் கேக் என்று நினைக்காதீர்கள். ஓட்ஸ் மாவைப் புளிக்க வைத்துக் கல்லில் வார்க்கிறார்கள், நம் தோசைதான். சீஸும் காளானும் வைத்து மடித்துத் தந்தார்கள். சூடான சீஸ் ஓரத்தில் வழிந்து, கொஞ்சம் கருகி மொறுமொறுவென்று இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து பவுண்டுக்குள். நான் இன்னொன்று வாங்கினேன்.

சின்னக் குறையுள்ள பொருள்களைத் தள்ளுபடியில் விற்கும் ஆலைக் கடைகள் இங்கே நிறைய. போன் சைனா கோப்பை இரண்டு எடுத்தோம். வாங்கும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், அடியில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், சுண்டிப் பாருங்கள். மொக்கைச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல், வைத்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோங்கள், சரக்கில் போட்டால் உடைந்துதான் வரும்.