காப்பிக் கறையும் கறுப்புப் பூனையும்

செப்டம்பர் 28, 2024, சனி

இந்த வருடம் ஹாலோவீனுக்கு, அதாவது அக்டோபர் 31இல் குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாளுக்கு, ஒரு ஜங்க் ஜர்னல் செய்தே தீருவது என்று முடிவு. குப்பைக்குப் போகவேண்டிய உறைகள், ரசீதுகள், பழைய புத்தகத் தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, இடையிடையே பைகளும் சீட்டுகளும் செருகி ஒரு நோட்டுப் புத்தகம் ஆக்குவார்களே, அதுதான். நூறு வருடப் பழசு போல இருக்கவேண்டும். திறந்தால் கொஞ்சம் உதறலும் எடுக்கவேண்டும்.

கைவினைக் கடையில் இதற்கென்றே ஒரு கட்டு இருக்கிறது. ஓரம் கருகியது போல, எலி கடித்தது போல, எல்லாமே அச்சில். போன மாதம் அச்சான பழசு! திரும்ப வைத்துவிட்டேன். மெழுகு பூசிய லினன் நூல், ஆரஞ்சு நிறக் கிரேப் காகிதம் (சுருக்கம் சுருக்கமான மெல்லிய அலங்காரத் தாள்), ஒரு கட்டு மணிலா சீட்டு (கயிறு கட்டித் தொங்கவிடும் பழுப்பு அட்டைச் சீட்டு), இவ்வளவுதான் வாங்கியது.

அந்தச் சீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கயிறு கோக்கும் ஓட்டையைச் சுற்றி வட்டமாக ஒரு காகித வளையம் ஒட்டியிருக்குமே, இழுத்தால் கிழியாமல் இருக்க, அது 1863இல் டென்னிசன் காப்புரிமை வாங்கிய யோசனை. அந்த டென்னிசன் கம்பெனி இருந்தது அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் நான் குடியிருக்கும் ஃப்ரேமிங்ஹாமில்தான். செங்கல் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, வேலைக்குப் போகும்போது தினமும் கடக்கிறேன். கறுப்புப் பூனை, வௌவால், நிலவுக்குக் குறுக்கே பறக்கும் சூனியக்காரி என்று இன்றைக்கு எதையெல்லாம் 'வின்டேஜ் ஹாலோவீன்' என்கிறார்களோ, அதில் பல இவர்கள் 1909 முதல் வெளியிட்ட 'போகி புக்' என்ற சிறு நூல்களில் இருப்பவை. விருந்துக்கு மேசையை எப்படி அலங்கரிப்பது, கிரேப் காகிதத்தில் வேஷ உடை எப்படித் தைப்பது என்றெல்லாம் சொல்லித்தருவார்கள். சொல்லித்தருவதே தங்கள் கிரேப் காகிதத்தை விற்கத்தான். நம் போகிக்கும் இந்தப் போகிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பழசு இரண்டிலும் இருக்கிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

காப்பிச் சாயம். நாலு கரண்டி இன்ஸ்டன்ட் தூள், வெந்நீர், அகலத் தட்டு. தாளை இரண்டு நிமிடம் ஊறவிட்டு, எடுத்து, ஓவனில் 200 ஃபாரன்ஹீட்டில் ஏழெட்டு நிமிடம். தட்டில் ஈரம் தேங்கும் இடத்தில் கருங்கறை விழுகிறது, அதுதான் அழகு. முதல் நாலு தாளை ஒழுங்காகத் துடைத்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே சீராக வந்தது. அப்புறம் துடைப்பதை விட்டேன்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். 1920களின் போகி புக் படங்களை வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டு, அதற்குப் பிறகு காப்பியில் போட்டேன். (1929க்கு முன் அமெரிக்காவில் வெளியானவை இப்போது பொதுச்சொத்து, எடுத்துக்கொள்ளலாம்.) இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும் என்று தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. பூனை தப்பிக்கவில்லை, ஒரு வாலும் ஒரு கண்ணும்தான் மிச்சம். சாயம் முதலில், அச்சு பிறகு. இல்லையென்றால் லேசர் அச்சு. நூலக இயந்திரம் லேசர்தான்.

வீடு முழுக்க காப்பி வாசம். "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள் மகள்.

அக்டோபர் 5, சனி

காலையில் நூலகத்தின் பழைய புத்தக விற்பனை, மதியம் ஒரு எஸ்டேட் சேல். வீட்டுக்காரர் காலமானபின் பொருள்களை வீட்டிலேயே வைத்து விற்பது. எனக்கு இன்னும் பழகவில்லை. அடுப்பங்கரையில் மிளகுப் பொடி டப்பா பாதி காலியாக இருக்கிறது, அதற்கும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். எட்டு டாலருக்கு ஒரு செருப்புப் பெட்டி நிறையக் காகிதம் வாங்கினேன்: சமையல் குறிப்பு அட்டைகள், பொத்தான் பொட்டலம், பென்சிலில் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று.

நூலகத்தில் கிடைத்தது ஒரு டாலர் புத்தகம். 1860களின் பதிப்பு. பளீரென்ற பச்சைத் துணி அட்டையில் தங்க எழுத்து. அட்டையை அப்படியே உரித்து ஜர்னலுக்குப் போட்டால் எப்படி இருக்கும்!

அக்டோபர் 6, ஞாயிறு

அட்டையை உரிக்கவில்லை. நல்லவேளை.

கத்தியைக் கையில் எடுத்தபோது, விரல் நுனியில் லேசாகப் பச்சை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் டெலவேரில் இருக்கும் விண்டர்தர் அருங்காட்சியகத்தின் 'பாய்சன் புக் ப்ராஜெக்ட்' நினைவுக்கு வந்தது. 2019இல் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பைண்டிங் துணிக்கு எமரால்ட் கிரீன் என்ற சாயம் போட்டார்கள், அது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. ஆர்சனிக் என்றால் நம் பாஷாணம். அந்தப் பச்சை துணியில் ஆழமாக ஊறுவதில்லை, மேலே படிந்திருக்கும், தொட்டால் உதிரும். இம்மாதிரி புத்தகங்களை நைட்ரைல் கையுறை போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஜிப் உறையில் தனியாக வைக்கவேண்டும், தொட்டால் கை கழுவவேண்டும். நான் நேற்று அதை மடியில் வைத்துக்கொண்டு முறுக்குச் சாப்பிட்டேன்.

கை கழுவி, மேசை துடைத்து, புத்தகத்தை இரண்டு ஜிப் உறைக்குள் போட்டாயிற்று. என்னுடையதில் பாஷாணம் இருக்கிறதா என்று எக்ஸ் கதிர்க் கருவி போன்ற ஒன்றால் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். இந்தப் பச்சையை நான் சோதிக்கப்போவதில்லை, நம்பப்போவதுமில்லை.

மதுரையில் பைண்டிங் கடை வைத்திருந்த சித்தப்பாவுக்கு போன் போட்டேன். ஆச்சரியமே படவில்லை.

"ஏம்மா, நாங்க மட்டும் என்ன? மைதாப் பசை காய்ச்சுறப்ப மயில்துத்தம் போடலையா? போடலைன்னா பூச்சி தின்னுரும். புத்தகம் நிக்கணும்னா கொஞ்சம் விஷம் வேணும்."

மயில்துத்தமும் செம்பு உப்புதான். அப்புறம் என்ன செய்கிறாய் என்று விசாரித்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்ல பேப்பர வாங்கி அழுக்காக்கவா அமெரிக்கா போன?"

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கத்தரி, குத்தூசி, எலும்பு மடிப்பான், பசைத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து கொலுவுக்கு முன் அடுக்கினேன். சித்தப்பா கடையில் கட்டிங் மெஷினுக்குப் பெரிய மாலையே போடுவார்கள். புத்தகங்களையும் அடுக்கும்போது மகள் கேட்டாள்: "அந்த விஷப் புக்கும் சரஸ்வதிதானே?" சரி என்று ஜிப் உறையோடு வைத்தோம்.

நேற்றே கொஞ்சம் வெட்டி முடித்திருக்கலாம், விட்டுவிட்டேன். இன்று தொடக்கூடாது. வாசலில் குங்குமம் தடவி உடைக்க வெண்பூசணி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலிலோ முகம் செதுக்கிய ஆரஞ்சுப் பூசணி பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊரில் கட்டி முடியாத வீடுகளில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்கு இது தூரத்து உறவாகத்தான் தெரிகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

கறுப்பு வேண்டும். காப்பி பழுப்பைத்தான் தரும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

மெல்லிய இரும்பு நார் ஒரு துண்டு. அதில் எண்ணெய் பூசியிருப்பார்கள், முதலில் சோப்புப் போட்டு அலசவேண்டும். பிறகு வெள்ளை வினிகரில் இரண்டு நாள் ஊறவேண்டும். மூடியை இறுக்கக்கூடாது, வாயு கிளம்பும். கிடைப்பது கலங்கல் தண்ணீர், பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதைத் தூரிகையில் தொட்டு, கெட்டித் தேநீரில் ஊறிக் காய்ந்த தாளில் இழுத்தால், இழுத்த கோடு கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கருக்கிறது. வீட்டில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்தத் தண்ணீரால் சிலந்தி வலை வரைந்தேன், ஒரு நிமிடத்தில் அது தானாகத் தோன்றியது. பேய் வேலை என்றால் இதல்லவா?

பேய் இல்லை, தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேரும் சேர்க்கை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கணக்குதான். கலம்காரியில் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, வெல்லத்தில் துரு இரும்பைப் புளிக்கவைத்த கரைசலால் கறுப்புக் கோடு போடுகிறார்களே, அதுவும் இதுவே. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக எழுதிய இரும்பு மையும் இந்தக் குடும்பம், ஓக் மரத்தின் மாசிக்காயிலிருந்து. அந்த மை காலப்போக்கில் காகிதத்தையே அரித்துவிடும். என் வலையும் ஒருநாள் தாளில் ஓட்டை போடலாம், போடட்டும்.

கிரேப் காகிதமும் தப்பவில்லை. ஈரப் பசை பட்டதும் ஆரஞ்சு கசிந்து பக்கத்துத் தாளுக்குப் போயிற்று. அப்புறம் வேண்டுமென்றே தண்ணீர் தெளித்துக் கசியவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

இன்று எஸ்டேட் சேல் பெட்டியைக் கிழிக்கும் நாள். கணக்கு நோட்டுத் தாள்கள் பின்னணிக்கு அருமையாக இருக்கும் என்று வைத்திருந்தேன். நீலக் கோடு, ஓரத்தில் சிவப்புக் கோடு, ஏற்கெனவே பழுப்பு. காப்பியே வேண்டாம்.

கிழிப்பதற்கு முன் படித்திருக்கக் கூடாது. 1938ஆம் வருடக் கணக்கு. ரொட்டி 9 சென்ட், பால், நிலக்கரி, டாக்டருக்கு 2 டாலர். செப்டம்பர் 21, புதன், அந்த ஒரு நாள் வரி காலி. அடுத்த நாள் மெழுகுவர்த்தி, 2 பெட்டி. அதற்கு அடுத்த நாளும் மெழுகுவர்த்தி. பிறகு ஆணி, கண்ணாடி, 'கூரைக்காரர்'.

செப்டம்பர் 21, 1938. எங்கள் மாசசூசெட்ஸ் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியைப் புரட்டிப்போட்ட பெரும்புயல் நாள். அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். புயலைப் பற்றி இந்த அம்மாள் ஒரு வார்த்தை எழுதவில்லை. கடையில் என்ன வாங்கினோம் என்பதைத்தான் எழுதியிருக்கிறார். காலியாக விட்ட அந்த வரியைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டை ஓட்டுச் சீசா லேபிள் முப்பது அச்சிட்டு வைத்திருக்கிறேன். ஒன்றுகூட இப்படி வயிற்றைப் பிசையவில்லை.

கிழிக்கவில்லை. நூலகத்துக்குப் போய், பக்கத்துக்கு 15 சென்ட் கொடுத்து நகல் எடுத்தேன். நகலைக் காப்பியில் போட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தையல். ஆறு தாள் மடித்து ஒரு ஃபாரம், மொத்தம் மூன்று ஃபாரம். எழுபத்திரண்டு பக்கம். வீடியோவில் சித்தப்பா.

"நார் எந்தப் பக்கம் ஓடுது?"

இங்கே கிடைக்கும் லெட்டர் தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். குறுக்கே மடித்தால் மடிப்பு பிசிறடிக்கும். நான் குறுக்கேதான் மடித்திருந்தேன். "பழசு மாதிரி வேணும்னா பிசிறட்டும், விடு" என்றார். பெருந்தன்மை. இன்னொன்றும் சொன்னார்: பக்கங்களில் பை, சீட்டு என்று செருகிக்கொண்டே போனால் புத்தகம் முதலை வாய் மாதிரி திறந்து நிற்கும். அதனால் ஃபாரத்துக்கு நடுவே ஒரு விரல் அகலத்தில் வெற்றுப் பட்டைகளும் சேர்த்துத் தைக்கவேண்டும், முதுகு பருத்து இடம் கொடுக்கும். ஆல்பம் பைண்டிங்கில் அப்படித்தானாம். இதைப் பற்றி இங்கே எத்தனையோ காணொளி பார்த்தேன், ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஐந்து ஓட்டை. உயரத்தைப்போல மூன்று மடங்கு நூல். நடு ஓட்டையில் ஆரம்பித்து நடு ஓட்டையிலேயே முடிச்சு. இரண்டாவது ஃபாரத்தில் குத்தூசி கட்டைவிரலில் ஏறியது. ரத்தக்கறை உண்மையிலேயே வந்துவிட்டது. அதை மறைக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, சனி

அட்டை: ஓட்ஸ் டப்பா அட்டை இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே தேநீரில் முக்கியெடுத்த சல்லடைத் துணி. நடுவில் பூனை (லேசர் பூனை, கரையாது). பச்சை மட்டும் எங்கும் கிடையாது.

வாங்கச் சொல்லி மகள் காட்டிய 'சேலம் 1692' படத்தொகுப்பில் சூனியக்காரியைக் கட்டிவைத்து எரிக்கிறார்கள். நம் ஊர்ச் சேலம் இல்லை, இங்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் சேலம். 1692இல் சூனியம் செய்ததாகக் குற்றம்சாட்டி அங்கே யாரையும் எரிக்கவில்லை, பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். அலங்காரத்துக்கு அது வேண்டாம் என்றேன். சரிம்மா, பூனையே போதும் என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். விடிகாலையில் எண்ணெய்க் குளியல், ஆறு மணிக்கே இட்லி, பிறகு ஆபீஸ். சாயங்காலம் வாசலில் ஒரு பக்கம் அகல் விளக்கு வரிசை, ஒரு பக்கம் பூசணிக்குள் மெழுகுவர்த்தி. எலும்புக்கூடு வேஷத்தில் வந்த ஒரு பையனுக்குச் சாக்லேட்டோடு ரிப்பன் பக்கோடாவும் போட்டேன். முகமூடியைத் தூக்கி அங்கேயே தின்றுவிட்டு, இன்னொன்று கேட்டான்.

கூட்டம் ஓய்ந்தபின் ஜர்னலைத் திறந்தேன். எழுதுவதற்கென்று விட்ட முதல் பக்கம் காலியாகவே இருக்கிறது. ஒரு மாதமாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெட்டியிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, 1938 அக்டோபர் 31 வரியைப் பார்த்தேன். திங்கட்கிழமை. ஆப்பிள் 20, மிட்டாய் 15.

பென்சில் எடுத்து எழுதினேன்.

சாக்லேட் 2 பை – 31 டாலர்
நல்லெண்ணெய் – 9
பூசணி – 6
மெழுகுவர்த்தி – வீட்டில் இருந்தது